படம் வரையப் பொருள் தேடுகிறீர்களா? புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

சிறுவர் கதை ஒன்றுக்கு மீன் விற்கும் பாட்டியை வரைந்து தரச் சொன்னார்கள். மூன்று நாள் கெடு. இணையத்தில் கிடைத்த நான்கைந்து படங்களைக் கலந்து, பிரம்புக் கூடை, பக்கத்தில் ஒரு பூனை என்று அழகாகத்தான் அனுப்பினேன். ஆசிரியர் கடலூர் முதுநகர்க்காரர். ஒரு வரியில் பதில் வந்தது: "அருவாமனையைக் கால்ல மிதிச்சுக்காம எப்படிம்மா மீன் அரிவாங்க?"

படத்தை எடுத்துப் பார்த்தேன். பாட்டியின் கையில் சமையலறைக் கத்தி. இத்தனைக்கும் நான் புதுச்சேரியில் பிறந்து, வாரம் மூன்று நாள் மீன் வாங்கித் தின்பவள்.

அந்த வேலை கைவிட்டுப் போனது. அதற்கப்புறம் இரண்டு வருடம் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். கதைகளுக்கும் பத்திரிகைகளுக்கும் வரைய நினைக்கிறவர்கள், "எதை வரைவது என்றே தோன்றவில்லை" என்று வெள்ளைத்தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள், இதைப் படித்துவிட்டு என்னைவிடக் குறைந்த நாளில் கரையேறலாம்.

1. ஒரே இடம், ஒரே நேரம்

புதிதாக வருபவர்கள் முதலில் போவது புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுத் தெருக்கள் இருக்கிற வெள்ளை நகரத்துக்குத்தான். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, நீலத் தெருப்பலகை, சாய்த்து வைத்த சைக்கிள். நானும் பதினோரு படம் வரைந்தேன். ஒன்றைக்கூட எவரும் கேட்கவில்லை. அதே படம் எல்லோரிடமும் இருக்கிறது.

வீட்டிலிருந்து நடந்தோ சைக்கிளிலோ பதினைந்து நிமிடத்தில் போகிற இடமாகத் தேர்ந்தெடுங்கள். வாரம் இரண்டு நாள், ஒரே மணிக்கு, ஆறு வாரம் விடாமல் போக வேண்டும். முதல் வாரம் வெறும் கூட்டம்தான் தெரியும். மூன்றாவது வாரம்தான் கூட்டம் தனித்தனி ஆளாகப் பிரியும்: பூக்காரர் இடது கையால் நார் இழுக்கிறார், தேங்காய்க் கடைக்காரர் காசை எண்ணும்போது மட்டும் கண்ணாடி போடுகிறார். நமக்கு வேண்டியது இதுதான்.

இடத்துக்கு ஏற்ற நேரம் இருக்கிறது. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகள் கிடையாது, அதனால் தரையிலேயே உட்காரலாம். ஆனால் கடல் கிழக்கே இருக்கிறது. காலை வெயில் கட்டடங்களின் முகத்தில் நேராக விழும். மாலையில் சூரியன் அவற்றுக்குப் பின்னால் போய்விட, முகப்பு முழுவதும் கறுத்து நிற்கும். மாலையில் போய் "வெளிச்சமே இல்லை" என்று புலம்பித் திரும்பியவர்களில் நானும் ஒருத்தி. கட்டடம் வேண்டுமென்றால் காலை. நடக்கிற, பேசுகிற, ஐஸ்கிரீம் தின்கிற மனிதர்கள் வேண்டுமென்றால் மாலை.

நேரு வீதியை ஒட்டிய பெரிய மார்க்கெட்டில், காலை நெரிசலில் நோட்டைப் பிரிக்கவே முடியாது. பதினொரு மணிக்கு மேல் போனால் விற்பவர்களுக்கும் கொஞ்சம் பேச்சு வரும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். யாரும் ஒரு நிமிடம் ஒரே இடத்தில் நிற்பதில்லை, தலைதான் சுற்றும்.

கடலூர்க்காரர்களுக்கு விடிகாலை முதுநகர்த் துறைமுகம், திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரர் கோயிலைச் சுற்றிய வீதிகள், மாலையில் தேவனாம்பட்டினத்துச் சில்வர் பீச். புதுச்சேரியிலிருந்து கடலூர் 22 கிலோமீட்டர் அளவு, பேருந்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். முதல் ஆறு வாரத்துக்கு இது தூரம். ஆனால் அந்தப் பேருந்தே ஒரு நல்ல இடம்: அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். தூங்குகிறவர்களைவிடப் பொறுமையான ஆட்கள் கிடைப்பார்களா?

2. பையும் செலவும்

500 ரூபாய்க்குள் முடித்துக்கொள்ளுங்கள். 2பி பென்சில் இரண்டு, பந்துமுனைப் பேனா ஒன்று, பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் நீர்வண்ண வில்லைகள் ஒரு பெட்டி, நடுத்தரத் தூரிகை ஒன்று, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய நோட்டு, கிளிப் இரண்டு, சின்னத் தண்ணீர் பாட்டில், உட்காரப் பழைய செய்தித்தாள். நோட்டையும் வண்ணத்தையும் தவிர மற்றவை அநேகமாக வீட்டிலேயே இருக்கும்.

நான் சிக்கிய பொறி இது: முதல் மாதமே வெளிநாட்டு நோட்டும் வண்ணமுமாக நாலாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். பக்கம் வீணாகிவிடுமே என்ற பயத்தில் நோட்டைத் திறக்கவே இல்லை. மலிவான நோட்டில் ஒரு காலைக்குப் பத்துப் பக்கத்தைக் கிறுக்கித் தள்ளலாம். நீர்வண்ணம் பூச வேண்டிய பக்கங்களுக்கு மட்டும் 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாள் நாலைந்தை வெட்டிச் சொருகிக்கொள்ளுங்கள். மெல்லிய தாள் ஈரம் பட்டதும் அப்பளமாகிவிடும்.

பேனாவிலும் ஒரு விஷயம். ஜெல் பேனாவில் பெரும்பாலானவற்றின் மை தண்ணீர் பட்டால் ஓடும். பந்துமுனைப் பேனாவின் மை எண்ணெய் கலந்தது, அதன் மேல் வண்ணம் பூசலாம். எதுவானாலும் வீட்டில் ஒரு துண்டுத் தாளில் கோடு போட்டு, தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதம் கிடைக்கிறது, கையில் எடுத்தால் விட மனம் வராது. ஆனால் கைக்காகிதம் எங்கே வாங்கினாலும், பசை ஏற்றியதா என்று கேட்டு வாங்குங்கள். பசை ஏறாத தாளில் மை, ரேஷன் கார்டில் விழுந்த முத்திரை மாதிரி நாலாபுறமும் பரவும்.

கிளிப் எதற்கென்றால், மதியம் நெருங்கக் கடல்காற்று எழும். ஒரு கையால் தாளைப் பிடித்துக்கொண்டே வரைய வேண்டியிருக்கும். மழை மாதங்களில் கடலோரம் வண்ணம் காய அரை மணி நேரம்கூட ஆகும். அந்த நாட்களில் பென்சிலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

3. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

பொதுத் தெருவில் உட்கார்ந்து பென்சிலால் வரைவதற்காக நான் எந்த அலுவலகத்திலும் காகிதம் வாங்கியதில்லை. ஆனால் யாராவது கேட்பார்கள். ஆதார் நகல் ஒன்றும், நம் பெயர், தொலைபேசி எண், "கதைப் புத்தகங்களுக்குப் படம் வரையப் பழகுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்ட தாள் ஒன்றும் நோட்டின் பின்அட்டையில் இருக்கட்டும். இந்தத் தாளுக்குச் சட்டப்படி ஒரு மதிப்பும் இல்லை. ஆனாலும் மூன்று தடவை என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

மீனவர் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. முதல் நாள் அவர்களில் ஒருவரிடம் சொல்லிவிட்டு உட்காருங்கள். துறைமுகத்துக்குள் வாசலில் கேட்டுவிட்டுப் போங்கள்; கோயிலுக்குள் அர்ச்சகரிடமோ அலுவலகத்திலோ கேளுங்கள், சந்நிதியை விட்டுவிட்டுத் தூண், யாளி, பூக்கடை என்று வெளியிலேயே நிற்பது உத்தமம். துறைமுகத்திலும் ரயில் நிலையத்திலும் கைபேசியை உயர்த்திப் பிடித்தால் சந்தேகம் வரும். பென்சிலைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை.

4. உட்காருவதும் பேச்சுக் கொடுப்பதும்

நான் அதிகம் சறுக்கியது இங்கேதான். வைத்திக்குப்பம் கடற்கரையில் வலை சீர்செய்துகொண்டிருந்த ஒரு பெரியவரை, இருபதடி தள்ளி ஒரு படகு மறைவில் உட்கார்ந்து வரைந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் வந்து நின்றான். "இன்னாக்கா எழுதற? கணக்கெடுப்பா?" நோட்டும் பேனாவுமாக அங்கே வருகிறவர்கள் நிவாரணக் கணக்கு, புதுத் திட்டம் என்று எதையாவது எழுதிக்கொண்டு போகிறவர்கள். பெரியவர் வலையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். தப்பு அவர் மேல் இல்லை. ஒளிந்து உட்கார்ந்து பார்க்கிறவளை யாருக்குப் பிடிக்கும்?

இப்போது நான் செய்வது: போனதும் முதலில் எதையாவது வாங்குவேன். ஒரு டீ, கால் கிலோ காரப்பொடி மீன். மீன்கடையிலும் பூக்கடையிலும் போணி ஆவதற்கு முன் வெறுங்கையோடு போய் நிற்காதீர்கள். நியாயமாகவே முகம் சுளிப்பார்கள். ஏலம் நடக்கும்போது வாயைத் திறக்கவே கூடாது. ஒருமுறை "என்னங்க விலை?" என்று தெரியாமல் கேட்டு, ஏலம் கேட்பதாக நினைத்துக்கொண்டு எல்லோரும் திரும்பிப் பார்த்ததை இன்றும் மறக்க முடியவில்லை.

அப்புறம் நேராகப் போய்க் கேளுங்கள். "அண்ணே, படம் வரையப் பழகறேன். உங்க வலையைப் பார்த்து வரைஞ்சுக்கட்டுமா?" இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "உங்களை வரையட்டுமா" என்றால் சட்டையைத் தேடி எழுந்துவிடுவார், தலை வாருவார், திருமண ஆல்பத்துக்கு நிற்பதுபோல் விறைப்பாக உட்காருவார். "உங்க வலையை" என்றால் சரி என்று தலையாட்டிவிட்டுக் கால் பெருவிரலில் நூலை மாட்டி, தன் வேலையைத் தொடர்வார். நமக்கு அந்தப் பெருவிரல்தானே வேண்டும்.

முடித்ததும் படத்தைக் காட்டியே ஆக வேண்டும், எவ்வளவு மோசமாக வந்திருந்தாலும். அவர்கள் குறை சொல்வார்கள். "இந்தக் கயிறு இப்படி வராது." "என் மூக்கு இவ்ளோ பெருசாவா இருக்கு?" மூக்கை விட்டுவிடுங்கள். கயிற்றைப் பற்றிச் சொன்னதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். கெளுத்தி மாதிரி வழுக்குகிற மீனுக்குக் கையில் சாம்பல் தொட்டுக்கொள்வதை ஒரு அக்கா இப்படித்தான் சொல்லித் தந்தார்: "சாம்பல் கிண்ணம் எங்கம்மா? அதைப் போடு மொதல்ல." அந்த ஒரு கிண்ணத்தை வைத்துப் பிறகு ஒரு கதைக்கு முழுப் பக்கப் படம் வரைந்தேன்.

அடுத்த முறை போகும்போது அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். செலவு இரண்டு மூன்று ரூபாய். அதற்குமேல் ஆதார் நகல் தேவைப்படாது. "நம்ம படக்காரப் பொண்ணு" என்று பெயர் வந்துவிடும், ஸ்டூல்கூடக் கிடைக்கும்.

தனியாகப் போகிற பெண்களுக்கு: இருட்டில் துறைமுகத்துக்குத் துணையோடு போங்கள், மீன் விற்கும் பெண்கள் வரிசையில் உட்கார்ந்துகொண்டால் அதைவிடப் பாதுகாப்பு வேறில்லை. குழந்தைகள் மொய்த்தால் விரட்டாமல் ஆளுக்கொரு தாள் கிழித்துக் கொடுத்துவிடுங்கள். அடையாளம் தெரிகிற முகத்தை அச்சில் போடுவதாக இருந்தால் மறுபடி ஒருமுறை கேளுங்கள், இல்லையென்றால் முகத்தை மாற்றிவிடுங்கள்.

5. பத்து நிமிடக் கணக்கு

நம் முன்னால் யாரும் பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே வேலையில் இருக்கப் போவதில்லை. முதல் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருக்கும் விதம் மட்டும்: எந்தக் கால் மடங்கியிருக்கிறது, பாரம் எதன் மேல். முகம் வேண்டாம். அடுத்த ஐந்து நிமிடம் கையும் கருவியும். மிச்சம் மூன்று நிமிடம் எழுத்து. என் நோட்டிலிருந்து ஒன்று: "அலுமினிய அன்னக்கூடை, விளிம்பு நசுங்கல். மேலே ஈரச் சாக்கு. மின்தராசு, பிளாஸ்டிக் உறை கிழியவே இல்லை. சங்கரா மீனின் சிவப்பு, வாலுக்குப் பக்கம் ஆரஞ்சாகிறது. 'நேத்து கேட்டிருந்தா குடுத்திருப்பேன்.'" இப்படிக் காதில் விழுகிற ஒரு வாக்கியத்தையும் எழுதிக்கொண்டால், ஒரு வருடம் கழித்துப் படித்தாலும் ஆள் கண்முன் வந்துவிடுவார்.

ஊரைச் சொல்லும் சின்ன விஷயங்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். புதுச்சேரிக் காவலருக்குச் சிவப்புத் தொப்பி உண்டு, பாலம் தாண்டிக் கடலூர் போனால் கிடையாது. வண்டி எண் இங்கே பி.ஒய். 01, அங்கே டி.என். 31. கதை மஞ்சக்குப்பத்தில் நடக்க, படத்தில் சிவப்புத் தொப்பிக்காரர் நின்றால் கடலூர்ப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

புகைப்படம்? கடைசியில் ஒன்று, கேட்டுவிட்டு. முதலிலேயே எடுத்துவிட்டால் கண் வேலையை நிறுத்திவிடும். "வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று வந்து, என் கைபேசியில் பார்க்கப்படாமல் இருநூறு மீன் படங்கள் கிடக்கின்றன.

6. எந்த மாதம் எதற்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். படகு வரையப் பழக இதைவிட நல்ல காலம் இல்லை: அசையாது, வண்ணம் பூசுவார்கள், மரவேலை நடக்கும், பேசவும் ஆள் கிடைக்கும். ஆனால் அவர்களுக்கு வருமானம் இல்லாத நாட்கள் அவை, அதை மனதில் வைத்துப் பேசுங்கள். ஏல இரைச்சல் வேண்டுமென்றால் தடை முடிந்த முதல் வாரம்.

அதே ஏப்ரலில், 21ஆம் தேதி வாக்கிலும் மறுபடி ஆகஸ்ட் 21 வாக்கிலும், நண்பகலில் நம் பக்கம் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். பன்னிரண்டே கால் ஒட்டிப் பாருங்கள், விளக்குக் கம்பத்துக்கு நிழலே இருக்காது. அந்த வெளிச்சத்தில் முகத்தில் கண்குழி மட்டும் கறுத்துத் தெரியும். ஒருமுறை பார்த்துக்கொண்டால், எந்தப் படத்திலும் மதிய வெயிலைத் தப்பாகப் போட மாட்டீர்கள்.

மார்கழியில் விடியலுக்கு முன் கோலம். வைசியாள் வீதி மாதிரித் திண்ணையும் மரத்தூணும் மிச்சமிருக்கிற தமிழர் பகுதித் தெருக்களுக்குப் போங்கள். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் பல ஊர்ச் சுவாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். கூட்டத்தில் வரையவே முடியாது, முந்தின நாள் பந்தல் கட்டுவதை வரையுங்கள். கோடையில் பண்ருட்டிப் பக்கம் பலாப்பழ மண்டி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. பேருந்து நிலையம், மார்க்கெட் உள்பகுதி என்று கூரை உள்ள இடமாகப் பாருங்கள்.

7. அன்று இரவே செய்ய வேண்டியது

தேதி, இடம், நேரம் மூன்றையும் ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் எழுதுங்கள். பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல்: "அருவாமனை – 14, சைக்கிள் கேரியரில் வாழைத்தார் – 22, தூங்கும் நடத்துநர் – 31." பதினைந்து நிமிட வேலை. சோம்பலில் தள்ளிப்போட்டால், கதை கையில் வந்து நிற்கும்போது ஆறு நோட்டைப் புரட்ட வேண்டியிருக்கும். பக்கங்களைச் சன்னல் வெளிச்சத்தில் கைபேசியால் படமெடுத்துச் சேமித்துவிடுங்கள். உப்புக்காற்றும் மழையும் நோட்டை விட்டுவைக்காது. என் இரண்டாவது நோட்டு ஒரே ஐப்பசியில் பூஞ்சை பிடித்துப் போயிற்று.

"தோன்றவில்லை" என்ற நாட்களில் நான் இந்தப் பட்டியலில் கண்ணை மூடி இரண்டு இடத்தில் விரல் வைப்பேன். வாழைத்தாரும் தூங்கும் நடத்துநரும் சேர்ந்தால் படம் தானாக வருகிறது.

8. காசு கைமாறும்போது

கட்டடத்தையும், பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையையும் வரைந்து வெளியிடலாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. காந்தி சிலையை வரைந்து அட்டை விற்பதில் பயமில்லை. சுவரோவியத்துக்கு அந்த விலக்கு கிடையாது. யாரோ வரைந்த சுவரை அப்படியே எடுத்து அஞ்சலட்டையாக்கினால், அது அவருடைய படம்.

காசு வாங்கிக்கொண்டு வரைகிற ஓவியத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவருக்கே முதலில் போகக்கூடும். 17ஆம் பிரிவு அப்படி. எனவே வேலை தொடங்கும் முன் எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை படம், எத்தனை முறை திருத்தம், எந்தப் புத்தகத்துக்கு, எத்தனை வருடம், பணம் எந்தத் தேதிக்குள். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலத்தைக் குறிக்காவிட்டால் 5 வருடம் என்றும், இடத்தைக் குறிக்காவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். நான் முதல் மூன்று வேலையை வாய்ப்பேச்சில் செய்தேன். ஒன்றுக்குப் பணம் வர ஏழு மாதம் ஆனது. இப்போது பாதித் தொகை கைக்கு வந்த பிறகுதான் பென்சில் எடுப்பது.

பான் அட்டை அவசியம். அது இல்லாமல், வரி பிடித்தம் செய்யும் நிறுவனத்திடம் பில் கொடுத்தால் 20 சதவீதம் போய்விடும்.

படத்தைப் பதிவு செய்தால்தான் உரிமை என்பது தவறு. வரைந்தவுடனே உரிமை பிறந்துவிடுகிறது. முக்கியமான படங்களுக்குச் சான்று வேண்டுமென்றால் பதிப்புரிமை அலுவலகத்தில் இணையவழியே விண்ணப்பிக்கலாம். ஓவியம் ஒன்றுக்கு 500 ரூபாய், பொருளின் உறையிலோ லேபிளிலோ பயன்படுத்துகிற ஓவியம் என்றால் 2000. யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் பார்த்த பிறகுதான் பரிசீலனையே தொடங்கும், அதனால் அவசரத்துக்கு ஆகாது. விண்ணப்பித்ததும் தரும் எண்ணை நோட்டின் முன்அட்டையிலேயே எழுதி வையுங்கள். நான் துண்டுச்சீட்டில் எழுதினேன். அது மீன் பையோடு குப்பைக்குப் போய்விட்டது.